கூண்டுக்கு ஓர் ஆள்

லங்காதா, கியோஸ் தீவு
6 பிப்ரவரி 1994

அன்புள்ள இசிதோரோஸ் அண்ணனுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்று அம்மா பக்கத்தில் நின்று எழுதச் சொன்னாள். எழுதினேன். அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். இனி நிஜத்தை எழுதலாம்.

போன வாரம் அடித்த தெற்குக் காற்றில் நம் கடல் மீன் பண்ணையில் நாலாம் கூண்டின் வலை கிழிந்து, பாதி மீன் கடலுக்குப் போய்விட்டது. மறுநாள் ஊர்ப் பையன்கள் தூண்டில் போட்டு நம் மீனையே பிடித்து, நம் வீட்டுக்கே விற்க வந்தார்கள். அப்பா "நாசமாப் போக!" என்று தொடங்கியவர் மாலை வரை நிறுத்தவில்லை. அவருடைய முழங்கால் மோசம். படகில் இறங்க என் தோள் வேண்டியிருக்கிறது. தோளைப் பிடித்துக்கொண்டே என்னைத் திட்டுகிறார்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டில் தீர்ப்பு வந்தது. "ஒண்ணு உன் அண்ணன் கப்பல விட்டு இறங்கணும். இல்ல நீ மீன் வளர்ப்பு படிச்சிட்டு வந்து நிக்கணும். எனக்குக் கூண்டுக்கு ஒரு ஆள் வேணும். யாருன்னு நீங்க ரெண்டு பேரும் பேசிக்கோங்க."

"நான் உயிரியல் படிக்கப் போறேன்"னு சொன்னேன்.

"மீனுக்கு உயிர் இல்லையா?" என்றார். அம்மாகூடச் சிரித்துவிட்டாள்.

உனக்குத் தெரியும், எனக்கு மீன் வேண்டாம். எனக்கு ஆறு வயதில் நம் மலை எரிந்தது. அந்தக் கரியில் விளையாடிவிட்டு வந்த என்னை நீதான் "கரிக்கட்டை" என்று கூப்பிட ஆரம்பித்தாய். மறு குளிர்காலத்து மழைக்குப் பிறகு, சாம்பலில் விரல் நீளத்துக்குப் பைன் கன்றுகள் நின்றன. எல்லாம் செத்த இடத்தில் எது முதலில் வருகிறது, ஏன் அது வருகிறது? நான் படிக்க நினைப்பது அதை. சலோனிகாவில் உயிரியலில் சேர்ந்தால் மூன்றாம் வருடத்தில் சூழலியல் பிரிவுக்குப் போகலாம். மீன் வளர்ப்பில் சேர்ந்தால் எந்த வருடமும் எங்கேயும் போக முடியாது. மீனுக்குப் பேன் பார்த்துக்கொண்டு இந்த வளைகுடாவிலேயே கிடக்க வேண்டியதுதான்.

நீ எப்போது இறங்குவாய்? நேராகவே கேட்டுவிட்டேன். கடல் அலுத்துவிட்டது என்று போன வருடம் நீதானே சொன்னாய்?

உன் கரிக்கட்டை,
மார்க்கெல்லா


கான்ஸ்டன்ட்சா துறைமுகம், ருமேனியா
19 மார்ச் 1994

அன்புத் தங்கை மார்க்கெல்லாவுக்கு,

நான் நலம். உன் கடிதம் பிரேயஸில் கப்பல் கம்பெனி மேசையில் தூங்கிவிட்டு நேற்றுத்தான் கைக்கு வந்தது. அப்பாவின் முழங்காலுக்கும் அம்மாவின் இரத்தக் கொதிப்புக்கும் என் விசாரிப்பைச் சொல்.

இந்தக் குளிர்காலத்தில் மறுபடி மறுபடி இதே துறைமுகம்தான். சோளம் ஏற்ற வந்தோம். சோளம் வரவில்லை. பிறகு இயந்திரம் மக்கர். காத்திருக்கிறோம். இங்கே பனி இன்னும் போகவில்லை.

என் பேச்சைக் கேள், பெண்ணே. மீனைப் படி. சிரிக்காமல் சொல்கிறேன். இரண்டாம் இயந்திரப் பொறியாளன் என்று எனக்குப் பெயர். கப்பலின் வயிற்றுக்குள்தான் வாழ்க்கை. உனக்கோ திறந்த வெளி, காற்று, சொந்தப் படகு. படித்து வந்தால் இரண்டே வருடத்தில் அப்பாவை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு நீயே முதலாளி. எரிந்த மலையைப் படித்து யார் சோறு போடுவார்கள்? மலை எங்கேயும் ஓடிவிடாது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஏறிப் பார்த்துக்கொள்.

நான் இறங்குவதைப் பற்றி இப்போது எதுவும் சொல்வதற்கில்லை.

ஒரு உதவி. சின்ன வயதில் நமக்கு நெஞ்சில் சளி கட்டினால் அம்மா எதையோ சூடு பண்ணித் தடவுவாளே, அது என்னவென்று கேட்டு எழுது. அளவோடு எழுது. கூட வேலை செய்கிறவனுடைய குழந்தைக்கு. மருந்துக் கடையில் இங்கே ஒன்றும் கிடைப்பதில்லை.

அன்புடன்,
இசிதோரோஸ்


லங்காதா
17 ஏப்ரல் 1994

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் சுகம். நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். உன் புத்திமதியும் நலமாக வந்து சேர்ந்தது. அதைப் படித்ததும் இரண்டு நாள் உன்மேல் எனக்கிருந்த கோபத்துக்கு அளவில்லை. சொந்தப் படகாம், முதலாளியாம். அவ்வளவு ஆசை இருந்தால் நீயே வந்து ஆகேன்!

அம்மா சொன்ன மருந்து: ஆலிவ் எண்ணெயை வெதுவெதுப்பாக்கி, அதில் ஒரு மூடி ஊஸோ சாராயம் விட்டு, நெஞ்சிலும் முதுகிலும் உள்ளங்காலிலும் தேய்த்து, கம்பளித் துணி சுற்ற வேண்டும். மூன்று வயதுக்குள் என்றால் ஊஸோ வேண்டாம், எண்ணெய் மட்டும். "யார் கொழந்தடி?" என்று கேட்டாள். கூட வேலை செய்கிறவருடையது என்றேன். "பாவம், அதுக்கு ஒரு பாட்டி இல்லையா?" என்றாள்.

ஊர்ச் செய்தி ஒன்று. மீஹாலிஸ் மாமாவின் மகன் ஒடெஸ்ஸாவிலிருந்து ஒரு பெண்ணைக் கல்யாணம் பண்ணிக் கூட்டி வந்துவிட்டான். நல்ல பெண். ரொட்டிக்கடையில் எனக்கு வழிவிட்டுச் சிரித்தாள். அப்பா அந்த வீட்டுப் பக்கம் காலை வணக்கம் சொல்வதையே நிறுத்திவிட்டார். அதுவும் முப்பது வருடச் சீட்டாட்டக் கூட்டாளி வீடு! "கடலுக்குப் போனவன் காசு கொண்டாரணும், ஆள் கொண்டாரக் கூடாது. என் வீட்டுல நடந்திருந்தா வாசப்படி மிதிக்க விட்டிருக்க மாட்டேன்"னு காப்பிக்கடையில் எல்லோர் முன்னாலும் சொன்னாராம்.

இப்போது என் திட்டத்தைக் கேள். நம் ஊரில் கடவுளுக்கு அடுத்தது பரீட்சைப் புள்ளி. ரொட்டிக்கடை ஸ்தமாத்தியாவின் மகன் சங்கீதம் படிக்க ஆசைப்பட்டான். புள்ளி அதிகம் வந்துவிட்டது, "புள்ளிய வீணாக்காதடா" என்று ஊரே சேர்ந்து அவனைப் பல் டாக்டர் ஆக்கிவிட்டது. அதே கயிற்றைப் பிடித்து நான் மேலே ஏறப் போகிறேன். மீன் வளர்ப்புக்குக் குறைந்த புள்ளி போதும். உயிரியலுக்கு மருத்துவத்துக்குக் கொஞ்சம் கீழே வேண்டும். நான் அவ்வளவு வாங்கிவிட்டால், இவ்வளவு புள்ளியை மீன் கூண்டில் கொட்ட அப்பாவுக்கே மனசு வராது. வந்தாலும் காப்பிக்கடை விடாது.

அதனால் படிக்கிறேன். கூண்டுக்குத் தீவனம் போடும்போதும் புத்தகம் படகில் இருக்கிறது. நீ மட்டும் குறுக்கே நிற்காதே.

முத்தங்களுடன்,
மார்க்கெல்லா


சூயஸ் நங்கூரத் துறை
30 மே 1994

அன்புத் தங்கைக்கு,

நலம். நீயும் வீட்டிலும் நலம்தானே. பரீட்சைக்கு என் வாழ்த்துகள். காலையில் எதையாவது வயிற்றில் போட்டுக்கொண்டு போ.

என் ஒப்பந்தத்தை நீட்டிவிட்டேன். கோடையில் வர முடியாது. அம்மாவிடம் கம்பெனி விடவில்லை என்று சொல்.

மருந்து கேட்டது. அம்மாவுக்கு நன்றி.

மீஹாலிஸ் மாமாவின் மருமகள் இன்னும் ஊரில்தான் இருக்கிறாளா?

இசிதோரோஸ்


லங்காதா
22 ஜூலை 1994

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகம், சுகம், சுகம்! உட்கார்ந்துகொண்டு படி.

புள்ளி வந்துவிட்டது. தீவிலேயே எங்கள் பிரிவில் நான்தான் இரண்டாவது. முதலாவது வந்தவன் நகரத்து வக்கீல் மகன், அவன் கணக்கில் சேர்த்தி இல்லை. பள்ளிக்கூட வாசலில் ஒட்டியிருந்ததைப் பார்த்துவிட்டு நான் வீட்டுக்கு வருவதற்குள் செய்தி காப்பிக்கடைக்குப் போய்விட்டது. அப்பா எல்லோருக்கும் ஊஸோ வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். மீஹாலிஸ் மாமாவுக்கும்! பேசவில்லை, கிளாசை மட்டும் அவர் பக்கம் தள்ளினாராம்.

பாதிரியார் கேட்டிருக்கிறார்: "பந்தெலிஸ், பொண்ணு டாக்டருக்கா?"

"டாக்டருக்குக் கொஞ்சம் போதல. ஆனா அதுக்கு அடுத்து இருக்கிறது எதுவா இருந்தாலும் என் பொண்ணு காலடியில!" என்று அப்பா மேசையைத் தட்டியிருக்கிறார்.

நுணலும் தன் வாயால் கெடும். மறுநாள் காலை முகம் கழுவும்போதுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. "மீனுக்கும் நல்ல படிப்பு இருக்கு" என்று மெதுவாக ஆரம்பித்தார். அதற்குள் ஸ்தமாத்தியா வாசலில் இனிப்போடு நிற்கிறாள். "என்னது, மீனா? இந்தப் புள்ளியோடவா? பந்தெலிஸ் அண்ணே, பாவம் புடிக்கும்!" பின்னாலேயே தபால்காரர். அப்புறம் என் வேதியியல் வாத்தியார். ஒவ்வொருவராக வந்து "வீணாக்காதீங்க" என்று சொல்லிவிட்டு இனிப்பு சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். அப்பாவைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. அவரே பின்னிய வலையில் அவரே மாட்டிக்கொண்டார்.

நேற்று விருப்பப் பாடங்களை எழுதிக் கொடுக்கும் நாள். நம் ஊர் வழக்கம் உனக்குத் தெரியும், எதை மேலே எழுதுகிறோமோ, புள்ளி இருந்தால் அதுதான் விழும். பிறகு மாற்ற முடியாது. அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். முதலில் உயிரியல், சலோனிகா என்று எழுதினேன். என் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தடுக்கவில்லை.

ராத்திரி அம்மா தூங்கப் போன பிறகு சொன்னார்: "எழுதிட்ட. சரி. போறது இன்னும் முடிவாகல. செப்டம்பர்ல உன் அண்ணன் இறங்கினா நீ கப்பல் ஏறு. அவன் இறங்கலன்னா புள்ளியும் வேணாம், பாதிரியாரும் வேணாம். என் கால் இந்தக் குளிரைத் தாங்காது மார்க்கெல்லா." அதட்டவில்லை, அண்ணா. அவர் அதட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஆக எல்லாம் இப்போது உன்னிடம்தான். கூண்டுக்கு ஓர் ஆள், நீ அல்லது நான். உன்னைக் கெஞ்சுகிறேன் என்று வைத்துக்கொள். நீ வா. உனக்கு அங்கே என்ன இருக்கிறது? ஒரு இரும்புக் கட்டிலும் எண்ணெய் நாற்றமும். நான்கு வருடம் படித்துவிட்டு நான் வேலைக்குப் போனதும் ஒரு ஆளைச் சம்பளத்துக்கு வைக்கலாம். அதன்பிறகு நீ விருப்பம்போல மறுபடி கப்பல் ஏறு.

உடனே பதில் போடு.

உன் மார்க்கெல்லா


லங்காதா
29 ஆகஸ்ட் 1994

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் சுகம். உன் சுகம்தான் தெரியவில்லை.

இடம் கிடைத்துவிட்டது. உயிரியல், சலோனிகா. செப்டம்பர் கடைசிக்குள் நேரில் போய்ப் பதிய வேண்டும். பெட்டியை அம்மா பரணிலிருந்து இறக்கித் துடைத்து வைத்திருக்கிறாள். அப்பா அதைச் சுற்றிக்கொண்டு நடக்கிறார்.

கம்பெனிக்கு ஃபோன் செய்தேன். கடிதத்தைக் கான்ஸ்டன்ட்சாவுக்கு அனுப்பிவிட்டார்களாம், உன் கைக்குக் கிடைத்துவிட்டதாம். கிடைத்தும் ஏன் பேசாமல் இருக்கிறாய்? முடியாது என்றாவது எழுது. தினம் காலையில் செத்த மீனைப் பொறுக்கும்போது, நாளைக்கும் நானா, அடுத்த வருடமும் நானா என்றுதான் மனசில் ஓடுகிறது. எனக்கு மூச்சு முட்டுகிறது.

மார்க்கெல்லா


கான்ஸ்டன்ட்சா
8 செப்டம்பர் 1994

அன்புத் தங்கைக்கு,

நலம். கணக்கை முடித்துக்கொண்டு இறங்குகிறேன். இருபதாம் தேதிக்குள் வீட்டில் இருப்பேன். அப்பாவிடம் சொல். நீ போ.

குளிருக்கு முன்னால் இங்கே சில காரியங்களை முடிக்க வேண்டியிருந்தது, அதுதான் தாமதம். விறகு வாங்கிப் போட வேண்டியிருந்தது.

இசிதோரோஸ்


சலோனிகா, மாணவியர் விடுதி
20 அக்டோபர் 1994

என் அருமை அண்ணனுக்கு,

நான் சுகம். நீயும் அப்பா அம்மாவும் சுகமா? வீட்டு ஃபோனில் நீ "ம்", "ம்" என்று மட்டும் சொல்கிறாய். பக்கத்தில் அப்பா நிற்கிறாரா? அதனால்தான் எழுதுகிறேன்.

இங்கே ஒரே வேடிக்கை. எங்கள் வகுப்பில் பாதிப் பேர் மருத்துவத்துக்குப் புள்ளி போதாமல் வந்து விழுந்தவர்கள். எலும்புக்கூட்டைப் பார்த்தால் பெருமூச்சு விடுகிறார்கள். தவளையைப் பார்த்தால் அழுகிறார்கள். முதல் நாள் பேராசிரியை ஒவ்வொருவரையும் ஏன் இங்கே வந்தீர்கள் என்று கேட்டார். "புள்ளி", "புள்ளி", "எங்கம்மா" என்று வரிசையாகச் சொன்னார்கள். என் முறை வந்தபோது எங்கள் மலை எரிந்தது என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. சலோனிகாவுக்கு மேலே உள்ள காட்டில் மண் எடுக்கப் போகும் குழுவில் முதல் வருட மாணவி நான் ஒருத்திதான். மூன்று சனிக்கிழமையாகப் போகிறேன். நகத்திலிருந்து மண் போவதில்லை. அண்ணா, சந்தோஷமாக இருக்கிறேன். இதை யாரிடமாவது சொல்லியாக வேண்டும். காரணம் நீ என்பதால் உன்னிடம் சொல்கிறேன்.

துறைமுகத்தில் என்னை வழியனுப்பும்போது நீ ஏன் அப்படி நின்றாய்? கையைக்கூட ஆட்டவில்லை. கரைக்கு வந்த கப்பல்காரர்களுக்குக் கொஞ்ச நாள் அப்படித்தான் இருக்கும் என்று அம்மா சொன்னாள். சரியாகிவிட்டதா?

அப்பா மரிகோ வீட்டுப் பெண்ணை உனக்குப் பார்க்கிறாராமே! மாட்டினாயா!

முத்தங்களுடன்,
உன் கரிக்கட்டை


லங்காதா
14 நவம்பர் 1994

அன்புத் தங்கைக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு இரத்தக் கொதிப்பு பரவாயில்லை. அப்பா நாற்காலியிலிருந்தே எல்லாக் கூண்டையும் திட்டுகிறார். நீ சந்தோஷமாக இருப்பது எனக்கும் சந்தோஷம்.

நான் காலையில் தீவனம், மாலையில் தீவனம். இடையில் வலை தைப்பது. மீன்கள் வட்டமாகச் சுற்றுகின்றன. ஏன் எப்போதும் ஒரே பக்கமாகச் சுற்றுகின்றன என்று உன் பேராசிரியையைக் கேட்டுச் சொல். கூண்டுமேல் நின்றால் எதிரே துருக்கிக் கரை தெரிகிறது. வடக்கே போகும் கப்பல்கள் அந்த வழியாகத்தான் போகின்றன. பார்ப்பதை நிறுத்திவிட்டேன்.

மரிகோ வீட்டுப் பேச்சை இனி எழுதாதே.

ஒரு விஷயம். ஃபோனில் இதைப் பேசாதே. ஸ்மராந்தா என்று ஒருத்தி உன்னைத் தேடி வரலாம். வராமலும் இருக்கலாம். கூட வேலை செய்தவனுக்கு வேண்டியவள். இந்தத் தீவின் விலாசத்தைக் கொடுக்க முடியாததால் உன் விலாசத்தைக் கொடுத்தேன். வந்தால் சூடாக ஏதாவது சாப்பிடக் கொடு. ஈஸ்டர் வரை பொறுக்கச் சொல். இங்கே மட்டும் வர வேண்டாம் என்று சொல். நீ அவளிடம் நல்லபடியாகப் பேசுவாய், எனக்குத் தெரியும்.

அண்ணன்


3 டிசம்பர் 1994, கப்பலில்

அண்ணா,

சுகம் விசாரிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் நேரிலேயே பார்ப்பேன்.

புதன்கிழமை மதியம் விடுதிக் காவல்காரம்மா கீழிருந்து கத்தினாள்: "மார்க்கெல்லா! உன்னப் பாக்க வெளியூர்க்காரி ஒருத்தி வந்திருக்கா. கையில கொழந்த வேற!"

பழுப்புக் கோட்டு. ஒரு பை வால்நட். தோளில் தூங்கும் குழந்தை. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு ரொம்ப மரியாதையாகக் கேட்டாள்: "நீங்கதானே கரிக்கட்டை?"

அதுதான் என் பெயர் என்று நினைத்திருக்கிறாள். விலாசச் சீட்டில் தவிர நீ வேறு பெயர் சொன்னதில்லை போல.

அவள் பேசுவது நம் ஊர்ப் பேச்சு. சலோனிகாவில் யாரும் அப்படிப் பேசமாட்டார்கள். "எல்லையில நாசமாப் போக போலீஸ் ராத்திரி பூரா நிக்க வச்சான். பஸ்ஸு நாசமாப் போக, ஹீட்டர் இல்ல." சாந்தமான முகத்தோடு, அப்பாவின் வாயால் பேசுகிறாள். வணக்கம் மாதிரி ஏதோ ஒரு சொல் என்று நினைத்து உன்னிடம் கற்றிருக்கிறாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அப்போது குழந்தை விழித்துக்கொண்டது. அம்மாவின் புருவம். அதே இடது பக்கச் சுழிப்பு.

பெயர் என்ன என்று கேட்டேன், கேட்காமலே தெரிந்திருந்தாலும்.

"அங்கெரூ" என்றாள் ஸ்மராந்தா. நம் அம்மாவின் பெயர். "கான்ஸ்டன்ட்சால யாருக்கும் வாயில நுழையல. இவ அப்பா விடல. மொதப் பொண்ணுக்கு என் அம்மா பேருதான், எங்க வழக்கம்னுட்டாரு."

கூட வேலை செய்தவனுக்கு வேண்டியவளாம்! நம் தீவைத் தாண்டி எந்த ஊரில் அண்ணா ஒரு குழந்தைக்கு அங்கெரூ என்று பெயர் வைக்கிறார்கள்? பதிவு அலுவலகத்தில் கல்யாணமாகி நான்கு வருடம் என்றாள். மார்ச்சில் நெஞ்சுச் சளி யாருக்கு என்று நான் கேட்கவில்லை. "பாவம், அதுக்கு ஒரு பாட்டி இல்லையா?" என்று அம்மா கேட்டதை உனக்கு எழுதி அனுப்பினேனே, அதைப் படித்துவிட்டு எப்படி அண்ணா சாப்பிட்டாய்?

நீ சொன்னபடியே சூப் கொடுத்தேன். நீ சொன்னபடியே, "ஈஸ்டர் வரைக்கும் பொறுக்கச் சொன்னான்" என்றேன். கரண்டியைக் கீழே வைத்தாள். "எனக்கும் ஈஸ்டர்னுதான் எழுதினாரு. எந்த வருஷத்து ஈஸ்டர்னு எழுதல." கப்பல் பட்டறைச் சமையலறையில் அவளுடைய வேலை போய்விட்டது. நீ வாங்கிப் போட்ட விறகு பாதிதான் இருக்கிறது. அவள் அழவில்லை. நான்தான் அழுதேன். குழந்தை என் நகத்து மண்ணை ஆராய்ந்துகொண்டிருந்தது.

உன்மேல் கோபம் இருக்கிறது. எல்லாவற்றையும் எழுத இந்தக் கப்பல் ஆட்டத்தில் முடியாது. ஒன்றை மட்டும் எழுதிவிடுகிறேன், நேரில் சொல்ல எனக்கு வாய் வராது. நீ உண்மையைச் சொல்லியிருந்தால் ஜூலையில் நான் மீனைத்தான் மேலே எழுதியிருப்பேன். உன்னைக் கெஞ்சியிருக்க மாட்டேன். அது தெரிந்துதான் நீ சொல்லாமல் இறங்கி வந்தாய். புதன்கிழமை ராத்திரி படுத்துக்கொண்டு நான் என்ன நினைத்தேன் தெரியுமா? "நல்ல வேளை, சொல்லவில்லை." அப்படித்தான் நினைத்தேன். பக்கத்தில் உன் மகள் தூங்குகிறாள், நான் நல்ல வேளை என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். அதற்குப் பிறகு அவர்களை பஸ் ஏற்றித் திருப்பி அனுப்ப என்னால் முடியவில்லை.

அதனால் கூட்டி வருகிறேன். வியாழன் ராத்திரிக் கப்பல். லெம்னோஸில் காற்றுக்காக நிறுத்திவிட்டார்கள். ஸ்மராந்தா உன்னை நினைத்து, "அவர் திட்டுவாரு" என்றாள். "நல்லாத் திட்டட்டும். அதுக்குண்டான வார்த்தையெல்லாம் நீங்களே வச்சிருக்கீங்களே" என்றேன்.

அப்பா என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும். காப்பிக்கடையில் சொன்ன சொல்லை விழுங்க அவருக்குத் தெரியாது. உன்னை வாசப்படி மிதிக்காதே என்பார். நீ இவர்களைக் கூட்டிக்கொண்டு போவாய், போகத்தான் வேண்டும். பிறகு அவர் என் பக்கம் திரும்பி, படகில் இறங்கத் தோளைக் கேட்பார். திட்டினால் எதிர்த்து நிற்பேன். "என் கால் தாங்காது மார்க்கெல்லா" என்றால் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியவில்லை. திங்கட்கிழமை எனக்குத் தாவரவியல் ஆய்வகம். திரும்பிப் போகவும் டிக்கெட் எடுத்து வைத்திருக்கிறேன்.

இந்தக் கடிதத்தைத் தபாலில் போட்டிருந்தால் எங்களுக்குப் பிறகுதான் வந்திருக்கும். கையில் தருகிறேன். அம்மாவுக்கு மட்டும் லெம்னோஸிலிருந்து ஃபோன் செய்தேன், நான் வருகிறேன் என்று. வேறு எதுவும் சொல்லவில்லை. அவள் அப்பாவிடம் சொல்லியிருப்பாள். அவரும் உன்னோடு துறைமுகத்துக்கு வந்திருப்பார்.

வந்திருந்தால் இதைப் படிக்க நிற்காதே. குழந்தையை முதலில் வாங்கிக்கொள்.

மார்க்கெல்லா